பக்கத்துக் கொல்லை மண்

அன்பு மகளுக்கு,

மூன்று நாளாகப் போனில் சொல்லப் பார்த்தேன். “நம்ம மண்ணுல உப்பே இல்லையாம்ப்பா, சார் சொல்லிட்டாரு!” என்று நீ சிரிக்கும்போதெல்லாம் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

சிதம்பரத்தில் விவசாயப் பயிற்சியில் சேர்ந்ததும், அவரவர் நிலத்து மண்ணைப் பரிசோதனைக்குக் கேட்டார்கள் அல்லவா? நீ சொன்னபடியே குழி வெட்டி, அரைக் கிலோ அள்ளி, துணிப்பையில் கட்டி அனுப்பினேன். ஒன்பதாவது பெயிலானவன் ஒழுங்காகச் செய்த ஒரே வீட்டுப்பாடம் அதுதான். ஆனால் வெட்டிய இடம் நம் கொல்லை இல்லை. பக்கத்தில் கண்ணாயிரம் மாமாவின் கொல்லை.

போன வருஷம் நீ சென்னையில் வேலைக்குப் போனதும், இனி யார் பயிர் வைக்கப் போகிறார்கள் என்று நம் நிலத்தை இறால் குட்டை போட ஐந்து வருஷக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலையை விட்டு நீ நேரே பயிற்சிக்குப் போனதால் பார்க்கவில்லை. அங்கே இப்போது உப்புத் தண்ணீர் நிற்கிறது. திருப்பிக் கேட்டால், “கையெழுத்து போட்டா போட்டதுதாண்ணே” என்கிறான் குட்டைக்காரன்.

மாமா வேறு தினமும் குத்துகிறார். “என்னா மச்சான், எங்கொல்ல பாஸாயிடுச்சாம். நீ எப்ப பாஸாவப் போற?”

சனிக்கிழமை நாற்றங்காலுக்கு இடம் அளக்க வருவதாகச் சொன்னாய். டேப் வேண்டாம், நீ மட்டும் வா. உப்பு ஏறின மண் எத்தனை வருஷத்தில் தேறும் என்று சாரிடம் கேட்டுக்கொண்டு வா.

குட்டைக் கரையிலேயே நிற்பேன். என்ன வேண்டுமானாலும் திட்டு. நேரில் சிக்னல் இல்லை என்று சொல்ல முடியாது.

உன் அப்பா