யோசித்தது யார்?

1960 செப்டம்பர் 6, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து இயந்திரத்தை உட்கார வைத்தேன். இயந்திரம் என்றால் இவரும், கொழுந்தன் தியாகுவும், நாத்தனார் விஜயாவும்தான்.

மனித யோசனையே இல்லாமல் கம்ப்யூட்டர் தேற்றங்களை நிரூபிக்கும் என்பதுதான் என் எம்.ஏ. ஆய்வு. அந்தச் சாமானை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. அதனால் பிஸ்கட் தகரம் நிறையச் சூத்திரச் சீட்டுகள். தியாகு இருப்பதிலேயே குட்டையான சீட்டை எடுப்பான். ஒரே நீளத்தில் பல இருந்தால் மேலே கிடப்பது. இவர் அதை விதிப்படி இன்னொன்றோடு சேர்த்துப் புதுச் சீட்டு எழுதுவார். நாங்கள் தேடும் தேற்றம் அதுதானா என்று விஜயா எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவாள். யாரும் யோசிக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்னா டீச்சர், வீட்டுலயே சீட்டாட்டமா?" என்றாள். எங்கள் காஜா பெராங் தெரு முழுக்க இந்நேரம் பரவியிருக்கும்.

செப்டம்பர் 9, வெள்ளி

"அண்ணி, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்றாள் விஜயா.

கிடைத்துவிட்டது! மாதக்கணக்கில் ஆகும் என்று நினைத்திருந்தேன். பாடப்புத்தகம் மூன்று பக்கம் சுற்றுகிற இடத்தை அரைப் பக்கத்தில் கடந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் யோசிக்காமல் இவ்வளவு அழகாக வருமா?

செப்டம்பர் 10, சனி

வரி வரியாகப் பார்த்தேன். தப்பே இல்லை. அதுதான் சந்தேகமே. யாரோ வழி தெரிந்து நடத்தியிருக்கிறார்கள்.

இவரா? எழுதும்போதே கொட்டாவி. விஜயா ஒப்பிட்டதோடு சரி. தியாகு — சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் கணக்கில் கெட்டிக்காரன். ஒரே நீளச் சீட்டுகள் வந்தபோது அவன் கை தயங்கியதைப் பார்த்தேனா? இல்லை, பார்த்ததாக இப்போது நினைக்கிறேனா?

செப்டம்பர் 11, ஞாயிறு

தியாகுவிடம் கேட்டே விட்டேன். "மேல கெடந்தத மட்டுந்தான் எடுத்தியா?"

கோப்பியை ஆற்றிக்கொண்டே சிரித்தான். "இல்லண்ணி. எது உருப்படும்னு பாத்துத்தான் எடுத்தேன்."

பாவி! இந்த வருஷத்துக்குள் அத்தியாயம் சிங்கப்பூரிலிருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் என் பதிவே ரத்து. என் தலையில மண்ண வாரிப் போட்டியேடா என்று கத்தினேன். "விடு லா, சின்னப் பையன்" என்கிறார் இவர். சின்னப் பையனாம்! முப்பது வயசு எருமை.

செப்டம்பர் 17, சனி

சீட்டுகளைப் பழையபடி அடுக்கி, முதலிலிருந்து ஓட்டினோம். தியாகுவின் நாற்காலியில் பொன்னம்மா. அவளுக்கு அந்தக் குறிகளில் ஒன்றுகூடத் தெரியாது. அடிக்கோல் வைத்து அளந்து அளந்து எடுத்தாள்.

அதே நிரூபணம். வரி மாறவில்லை. அப்படியானால் தியாகு யோசித்தான் என்பது?

அவளுக்கும் அவனே ரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருப்பானோ? சீ, என்ன ஜென்மம் நான்!

செப்டம்பர் 18, ஞாயிறு

அவனை ஜாலான் துக்காங் எமாஸ் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் சத்தியம் என்றால் பொய்யாத விநாயகர் முன்னால்தான். அங்கே நின்று பொய் சொல்லும் துணிச்சல் எங்களில் எவருக்கும் கிடையாது.

"யோசிச்சுத்தான் எடுத்தேன்னு உள்ள வந்து சொல்லு."

செருப்பைக் கழற்றினான். வாசல்படியில் ஒரு கால் வைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

"மேல கெடந்ததத்தான் எடுத்தேன், அண்ணி."

"பின்ன ஏண்டா பொய் சொன்ன?"

அடுத்திருந்த பள்ளிவாசலையே பார்த்துக்கொண்டு சொன்னான். "போஸ்டாபீசுல காலையிலேர்ந்து கட்டுல மேல இருக்குற கடுதாசிய எடுத்து முத்திரை குத்துறேன். வீட்டுக்கு வந்தா நீங்களும் யோசிக்காதேங்கிறீங்க. இவன் யோசிச்சிருப்பானோன்னு இதுவரைக்கும் யாரும் என்னைச் சந்தேகப்பட்டதே இல்லண்ணி. நீங்கதான் மொத ஆளு."

யோசிக்காமலே நிரூபிக்கலாம் என்று எழுதுகிறவள் நான். நிரூபித்துக் காட்டியதும் நம்பாதவளும் நான்தான். வெட்கமாக இருக்கிறது. அவனிடம் சொல்லத் தோன்றவில்லை.

செப்டம்பர் 19

மீன் குழம்பு வைத்தேன். அவன் கேட்காமலே இரண்டாம் துண்டு போட்டேன்.

டிசம்பர் 3, சனி

அத்தியாயம் முடிந்தது. இரவல் டைப்ரைட்டரில் அடித்துக் கொடுப்பது தியாகுதான். இந்த வீட்டில் வேறு யாருக்கும் அடிக்கத் தெரியாது.

'சீட்டுகளைத் தேர்ந்தெடுத்தவர் எந்த இடத்திலும் தம் அறிவைப் பயன்படுத்தவில்லை.' இந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஆய்வே நிற்காது. எத்தனை விதமாக மாற்றி எழுதிப் பார்த்தேன்! கடைசியில் அதுவேதான் வந்தது.

அந்த இடத்தில் டைப்ரைட்டர் சத்தம் நின்றது. சமையலறையில் நானும் காய் அரிவதை நிறுத்தினேன்.

"இத அப்படியே அடிக்கவா, அண்ணி?"

"ம்" என்றேன்.

அடித்தான். ஒரு பிழை இல்லை.