வட்டம் டீச்சரை வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்
வகுப்புத் தலைவி,
இரண்டாம் ஆண்டு பயிற்சி ஆசிரியைகள் சார்பாக,
ஆசிரியர் பயிற்சி நிறுவனம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
ஆசிரியர் கல்வி இயக்ககம்.

பொருள்: எங்கள் விரிவுரையாளரைப் பாடநூல் கிடங்குக்கு மாற்றிய ஆணையைத் திரும்பப் பெற வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெளிநாட்டிலிருந்து வந்த புதிய கற்பித்தல் முறையை எங்களுக்குப் பயிற்றுவிக்க நியமிக்கப்பட்டவர் மேற்படி விரிவுரையாளர். குழந்தைகள் வட்டமாக அமர வேண்டும் என்கிறது அம்முறையின் கையேடு. மாதிரிப் பள்ளியின் நான்காம் வகுப்பில் அவர் முதல் நாள் போட்ட வட்டம் வாசலைத் தாண்டிவிட்டதால், கடைசி மூன்று குழந்தைகள் வராந்தாவில் போய் உட்கார்ந்தார்கள். அன்று நாங்கள் வைத்த பெயர்தான் 'வட்டம் டீச்சர்'. அதைக் கேட்டு எங்களைவிட அதிகமாகச் சிரித்தவர் அவரே.

2. கதையைப் படித்தபின் ஒவ்வொரு குழந்தையும் எழுந்து தன் சொந்தக் கருத்தைக் கூற வேண்டும் என்பது கையேட்டின் உயிர்நாடி. கடைக்காரர் ஒருவர் நாயை விரட்டும் கதையைப் படித்தோம். முதல் பையன் ஏதோ சொன்னான். வகுப்பு முழுவதும் அதையே ஒப்பித்தது. ஒரு சிறுமி மட்டும் வாயே திறக்கவில்லை. மணி அடித்தபின் விரிவுரையாளர் அவளருகே பெஞ்சில் அமர்ந்து காரணம் கேட்டார். "நான்னு ஆரம்பிச்சா திமிரு புடிச்சவன்னு சொல்வாங்க டீச்சர்" என்றாள் அவள்.

3. மறுவாரம் அவர் அறைக்குள் அடங்காத வட்டத்தைக் கைவிட்டு, முறையையும் மாற்றினார். யாரும் தன் கருத்தைச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, அவர் கருத்தைச் சொன்னால் போதும் என்றார். அந்தச் சிறுமி எழுந்தாள். "கடைக்காரர் செஞ்சது தப்புன்னு இவ சொல்றா." அடுத்த நொடி பக்கத்துப் பெண் துள்ளி எழுந்தாள். "தப்புன்னு எங்கடி சொன்னேன்? பாவம், அவருக்கும் பயமா இருந்திருக்கும்னுதானே சொன்னேன்!" அதன்பின் அறை சந்தைக்கடையானது. சில வாரங்களில் தூது தேவையில்லாமலே குழந்தைகள் "நான் நினைக்கிறது என்னன்னா" என்று தொடங்கிவிட்டார்கள். கடைசிப் பெஞ்சிலிருந்து வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது. "பிள்ளைங்களைப் பேச வைக்கவா ரெண்டு வருஷப் படிப்பு? எங்க வீட்ல வாயை மூட வைக்கத்தான் ஆள் வேணும்" என்று கேலி செய்யும் என் நாத்தனாரிடம்கூட இதை உட்கார வைத்துச் சொன்னேன்.

4. வெளிநாட்டு முறையை அவர் அவமதித்தார் என்ற குற்றச்சாட்டு உண்மையன்று. நாங்கள் கையேட்டைக் கிண்டலடித்தபோது அவர் கடிந்துகொண்டார். "அவங்க ஊர்ப் பிள்ளைங்களைப் பார்த்து அவங்க எழுதிட்டாங்க. நம்ம பிள்ளைங்களைப் பார்த்து நாமதானே எழுதணும்?" என்றார். ஆசிரியர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும் எனக் கையேட்டில் உள்ளது. பெற்றோர் மதிக்கமாட்டார்கள் என்றெண்ணி அதை முதலில் அவர் விட்டுவிட்டார். ஒருநாள் மழையில் எறும்பு எங்கே போகும் என்று ஒரு குழந்தை கேட்க, அன்று பாடம் நடத்திய எங்கள் தோழி ஒருத்தி "வீட்டுக்குப் போகும், உக்காரு" என்று அடக்கிவிட்டாள். விரிவுரையாளர் எழுந்து, "எனக்கும் தெரியாதுப்பா, எல்லாரும் சேர்ந்து பார்க்கலாமா?" என்றார். பிறகு எங்களிடம், "இந்த விஷயத்துல புத்தகம்தான் சரி, நான்தான் தப்பு" என்று கரும்பலகையருகே நின்று சொன்னார். ஓர் ஆசிரியர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டது அதுவே முதல் முறை.

5. ஆய்வுக்கு வந்த அலுவலர் வட்டம் இல்லை, சொந்தக் கருத்து இல்லை என்று குறித்துக்கொண்டார். விளக்கம் கேட்டதற்கு, "புத்தகம் சொல்ற ஊருக்குத்தான் ஐயா நாங்களும் போறோம். எங்க பஸ் வேற ரூட்ல போகுது, அவ்வளவுதான்" என்றார் இவர். அது 'எதிர்த்துப் பேசினார்' என்று அறிக்கையில் ஏறிவிட்டது. இப்போது அவர் கிடங்கில் புத்தகக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். புதிதாக வந்தவர் நல்லவர். ஆனால் கையேட்டை ஓர் எழுத்தும் பிசகாமல் நடத்தும்படி அவருக்கு உத்தரவு. நான்காம் வகுப்பு மறுபடியும் ஒப்பிக்கத் தொடங்கிவிட்டது.

6. "எனக்காக யார் வாசல்லயும் போய் நிக்காதீங்க" என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே இம்மனு அவருக்காக அன்று. அந்தக் குழந்தைகளுக்காகவும், நாளை அவர்கள்முன் நிற்கப்போகும் எங்களுக்காகவும். மேற்படி ஆணையைத் திரும்பப் பெறுமாறும், முடிவெடுக்குமுன் தாங்களே ஒருமுறை நேரில் வந்து வகுப்பைப் பார்க்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

எங்கள் வகுப்பில் இருவர், கையேட்டை அப்படியே பின்பற்றுவதே நல்லது என்று கருதி இதில் கையொப்பமிடவில்லை. அவர்கள் தரப்பையும் அவர்களையே எழுதச் சொல்லி, ஒரு சொல்லும் மாற்றாமல் இத்துடன் இணைத்துள்ளோம். அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

இடம்: பயிற்சி நிறுவன விடுதி
நாள்: ஜூலை 14

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வகுப்புத் தலைவி

இணைப்பு: மாற்றுக் கருத்து – ஒன்று