ஆறாவது கேள்விக்கு அம்மாவின் பதில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தம்பி மூவரும் நலம், இன்னும் சரியாகச் சொன்னால் போன ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரும்வரை நலமாக இருந்தோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் புதிதாகக் குடிவந்திருக்கும் மூன்றாவது ஆளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உனக்குப் பிடிக்காத பேச்சை நான் எடுத்தால் உடனே உன் ஊரில் சிக்னல் போய்விடுகிறது, என்ன மாயமோ தெரியவில்லை. காகிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. கோபத்தில் பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வரும்போது விட்ட இடத்திலேயே நிற்கும்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்குத் திட்ட மட்டும்தான் தெரியும் என்பாய். நீ செய்தியைச் சொன்னதும் உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டுவலி என்று ஒரு வாரமாகப் படியிறங்காத மனிதர் மூன்று மாடி இறங்கிப் போய் மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி, தையல்காரரிடம் சொல்லி, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொல்லிவிட்டு வந்தார். நல்லவேளை, அவர் கீழே போயிருந்தபோதுதான் நீ இரண்டாவது செய்தியைச் சொன்னாய். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் குடித்துக்கொண்டிருந்தாயாம், இப்போது மூன்றேதானாம், எவ்ளோ கன்ட்ரோல் பாரும்மா என்று முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி சொன்னாய். கைதட்டியிருப்பேன், கையில் கரண்டி இருந்தது. மூன்று என்றால் காலை, மதியம், இரவு என்று வேளைக்கு ஒன்றாக இருக்கும், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்க மறந்துவிட்டேன். நீ புகைப்பது எனக்கு அன்றுதான் தெரியும் என்று நினைத்து நடுவில் ஐயோ என்று இழுத்தாய் பார், அது வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்பு லீவுக்கு வந்தபோது துணி காயப்போடுகிறேன் என்று நாளைக்கு ஆறு முறை மொட்டை மாடிக்குப் போனவள் நீ. ஒரு முறைகூட உன் கையில் ஈரத்துணி இல்லை.

அப்புறம் உன் அலுவலகத் தோழி சொன்ன வைத்தியம். வாந்திக்குக் கஞ்சா நல்லதாம், அதுவும் ஒரு செடிதானேம்மா, இயற்கைதானே என்றாய். அரளியும் செடிதான் கண்ணே, அதையும் கொஞ்சம் அரைத்துக் குடித்துப் பார்க்கச் சொன்னாளா அந்த மகராசி? மாப்பிள்ளை மட்டும் லேசுப்பட்டவரா. உன்மேல் உள்ள அக்கறையால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் ஊதுகிறாராம். புகையிடம் வழியைக் காட்டி அனுப்பிவைக்கிறார் போலிருக்கிறது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று சொன்னாயே, அந்தக் காலத்துல இதெல்லாம் யாரு பாத்தா, நானும் தம்பியும் நல்லாத்தானே இருக்கோம் என்று. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், என்ன வேலை செய்கிறேன் என்று இருபது வருடத்தில் நீ காதுகொடுத்துக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே அறையைத் தாண்டினால் கடைசிக் கதவு. உள்ளே குட்டி மேசை ஒன்று, குட்டி நாற்காலி இரண்டு, மரக்கட்டைகள் போட்ட டப்பா, சீட்டுகள், ஒரு ஸ்டாப்வாட்ச். டாக்டரம்மா பிள்ளைகளைச் சோதிப்பார், நான் சீட்டுகளை எடுத்துக்கொடுத்து நேரம் பார்ப்பேன். அதற்கு முன்னால் வெளியே பெஞ்சில் அம்மாக்களை உட்காரவைத்துப் படிவத்தில் உள்ள கேள்விகளைப் படித்துப் பதில் எழுதுவதும் என் வேலை. வயிற்றில் இருந்தபோது புகையும் போதையும் பட்ட பிள்ளைகள் வளர்ந்த பிறகு எப்படி யோசிக்கிறார்கள் என்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. அந்தச் சீட்டு விளையாட்டு உனக்கே நினைவிருக்கும், பன்னிரண்டு வயதில் விளையாடிப் பென்சில் டப்பா வாங்கிக்கொண்டு வந்தாயே. முதலில் நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்வார், சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். பிள்ளை பழகியதும் திடீரென்று இனிமே வடிவம் பாத்துப் பிரி என்பார். சில பிள்ளைகள் சட்டென்று மாறிக்கொள்ளும். சிலது சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் சிவப்பைச் சிவப்போடு வைக்கும். கேட்டால் விதியைத் திருப்பிச் சொல்லும், கை மட்டும் பழைய விதியிலேயே இருக்கும்.

அம்மா இழுக்கும் புகை வயிற்றுப் பிள்ளைக்குப் போகிற ரத்தத்தில் பிராணவாயுவைக் குறைத்துவிடுகிறதாம், நிகோட்டின் நேரே போய் மூளை உருவாகிற இடத்திலேயே கைவைக்கிறதாம். பிறக்கும்போது பார்த்தால் மூக்கும் முழியுமாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மூன்று வேலையைச் சேர்த்துச் சொல்லும்போது, பொறுமையாக உன் முறை வரட்டும் என்னும்போது, நேற்றைய வழியை விட்டு இன்றைய வழிக்கு வா என்னும்போதுதான் தடுக்கும். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று இல்லை, ஆயிரம் பேரைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், ஒரு பிள்ளையைக் காட்டி இதனால்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்பார் டாக்டரம்மா. வறுமை, வீட்டில் சண்டை, பள்ளிக்கூடம் என்று பல சங்கதி குறுக்கே வருமாம். அதனால்தான் ஒரே தாய்க்குப் பிறந்து, ஒன்று புகை பட்டது, இன்னொன்று படாதது என்று இரண்டு பிள்ளை கிடைத்தால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு சின்னப் பெண் வருவாள், அவளுடைய அம்மா போதை ஊசிக்குப் பலியானவள். முதல் முறை கட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சித்தி தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, நான்கு வருடத்தில் அதே பெண் என்னிடம் ஸ்டாப்வாட்சைப் பிடுங்கி எனக்கே நேரம் பார்த்தாள். ஆகவே கதவு ஒரேயடியாக மூடிவிடுவதில்லை. திறந்திருக்கிற கதவை நாமே ஏன் சாத்த வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கேள்வி என்றதும் ஆறாவது கேள்விக்கு வருகிறேன். கர்ப்பமாக இருந்தபோது புகைபிடித்தீர்களா, ஆம், இல்லை. பெஞ்சில் உட்காரும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் நான் கேட்டு முடிப்பதற்குள் இல்லை என்பார்கள். துப்பட்டாவிலும் தலைமுடியிலும் வாடை அடித்துக்கொண்டிருக்கும், வாய் மட்டும் ஐயையோ அதெல்லாம் கிடையாதுங்க என்னும். என் மூக்குக்குத் தப்பியவர்கள் யாரும் கிடையாது. இந்தப் பொய்யெல்லாம் எதற்கு, பிள்ளைக்காகத்தானே கேட்கிறோம் என்று உள்ளுக்குள் எவ்வளவு ஏளனம் செய்திருக்கிறேன் தெரியுமா. இத்தனை நீதிமான்தனமும் பேசிய உன் அம்மாவின் யோக்கியதையை இப்போது கேள்.

நீ வயிற்றில் இருந்தபோது எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை. உனக்கு ஒன்றரை வயதானபோது வக்கீல் ஆபீசில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். பின்மாடிப் படிக்கட்டில் பதினொரு மணிக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று என்று இரண்டு பெண்கள் நின்று புகைப்பார்கள், மூன்றாவதாக நானும் போய் நின்றேன், போகப்போக நாளைக்கு ஐந்தானது. வக்கீல் கத்துகிற கத்தலுக்கு அது ஒரு ஆறுதல். உன் தம்பி உண்டானதும் நானும் குறைத்தேன், உன்னைப் போலவே. ஐந்திலிருந்து இரண்டு. எனக்கும் எவ்வளவு கன்ட்ரோல் பார். வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன், உன் அப்பா இன்றுவரை எனக்கு ஏலக்காய் பிடிக்கும் என்று வாங்கிவருகிறார். அவன் பிறந்த பிறகு விட்டுவிட்டேன், யாருக்கும் சொல்லவில்லை.

பதினேழு வருடத்துக்கு முன்பு டாக்டரம்மா உங்கள் இருவரையும் சோதனைக்குக் கூட்டிவரச் சொன்னார். மற்ற அம்மாக்களுக்கு நான் கேட்பேன், எனக்கு யார் கேட்பது? உங்களுக்குத்தான் படிவம் மனப்பாடமாச்சே, நீங்களே நிரப்பிடுங்க என்று கொடுத்துவிட்டார். உனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. உன்னுடையதில் இல்லை என்று எழுதினேன், உண்மை. அவனுடையதிலும் அதே வேகத்தில் இல்லை என்று எழுதினேன். எதிரே யாருமே இல்லை, வெறும் காகிதம், அதற்குக்கூட எனக்கு வெட்கம். உள்ளே அவன் சிவப்பைச் சிவப்போடுதான் வைத்துக்கொண்டிருந்தான். ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். டாக்டரம்மா தேடிக்கொண்டிருந்த அந்த இரண்டு பிள்ளைகள் அவர் மேசையிலேயே இருந்தீர்கள், நான் எடுத்து வேறு காகிதக் கட்டுக்குள் வைத்துவிட்டேன். ஆராய்ச்சிக்கு என்னால் ஆன சேவை.

இந்த மாதம் அந்தப் பழைய பிள்ளைகளை, இப்போது பெரியவர்களானவர்களை, மறுபடியும் கூப்பிடுகிறார்கள். படிவம் திரும்ப என் கைக்கு வந்தது. வந்தது வெள்ளிக்கிழமை, நீ போன் செய்தது ஞாயிற்றுக்கிழமை. நானும் தம்பியும் நல்லாத்தானே இருக்கோம் என்றாய். அவனுக்கு அரைகுறை என்று பெயர் வைத்ததே நீதான், மறந்துவிட்டாயா? பத்து வயதில் வைத்தாய், தெருவே கூப்பிட்டது. பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் சோம்பேறி என்றார்கள், உன் அப்பா கவனமில்லாத கழுதை என்றார், நான் மனசு வெச்சா முடியாதா என்று பதினாறு வயதுவரை அவன் முதுகில் சாத்தினேன். இப்போது தையல் மிஷின் பழுதுபார்க்கும் கடையில் அவன்தான் கெட்டிக்காரன், ஆனால் பார்த்திருக்கிறாயா, ஒரு வெள்ளைத் துணியில் வட்டம் வட்டமாக வரைந்து எண் போட்டிருக்கிறான். கழற்றிய ஒவ்வொரு திருகாணியும் அதன் வட்டத்தில்தான் உட்கார வேண்டும். வட்டம் இல்லாவிட்டால் அவனுக்கு எதற்குப் பிறகு எது என்று தெரியாது. அந்தத் துணியை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாங்கள் திட்டத்தான் கற்றிருந்தோம்.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மாவிடம் போய் ஆறாவது கேள்விக்கு என் பதில் தவறு என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பதினேழு வருஷம் எனக்கு எதிர்ல உக்காந்திருந்தீங்களே என்றார், அவ்வளவுதான். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அப்புறம் புதுப் படிவத்தை என்னிடம் தராமல் தானே பேனாவை எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணிடம் கேட்பதுபோல ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதினார். மகனிடம் சொல்லும்போது இதனால்தான் என்று உறுதியாகச் சொல்லாதீர்கள், இருக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

மதியம் கடைக்குப் போனேன். அவன் ஒரு மிஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன், படிக்கட்டு, ஏலக்காய், படிவம், ஒன்று விடவில்லை. கத்துவான், கையில் இருக்கும் ஸ்பேனரை எறிவான் என்று தள்ளியே நின்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். பிறகு, அப்ப எம்மேல தப்பில்லையாம்மா என்று கேட்டான். வேறு எதுவும் கேட்கவில்லை. இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, இதைக் கேட்கும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அன்று மாலையே உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, ஏலக்காயும் வாங்கிவரவில்லை, எனக்குச் செலுத்த வேண்டிய மரியாதைதான் அது.

ஆகவே உபதேசம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்காதே, இந்த ஒரு விஷயத்தில் எனக்குத்தான் முழு யோக்கியதை. அந்த மூன்றையும் விடு. தனியாக முடியாவிட்டால் உன் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல், விடுவதற்கு உதவி செய்பவர்கள் அங்கேயும் இருப்பார்கள். மாப்பிள்ளையை ஜன்னலோடு சேர்த்து வெளியே அனுப்பு. செடி வைத்தியக்காரிக்கு ஒரு கும்பிடு போடு. இதுவரை குடித்ததை நினைத்து ஒப்பாரி வைத்துக்கொண்டு உட்காராதே, இன்றைக்கு விட்டாலும் அது பிள்ளைக்கு லாபம்தான் என்கிறார் டாக்டரம்மா. நீ ஒரு நிமிடத்தில் விதி மாற்றிப் பென்சில் டப்பா வாங்கியவள், இப்போது விதி மாறி ஏழு வாரம் ஆகிறது, கை இன்னும் சிவப்பைச் சிவப்போடு வைத்துக்கொண்டிருக்கிறது. தம்பிக்கு ஒரு போன் செய். அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் வயிற்றில் இருப்பது எதிர்ப்பேச்சு பேசுவதில் உன்னையும் மிஞ்ச வேண்டும், அதுதான் இந்த அம்மாவின் ஆசீர்வாதம். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த வாரம் நீ போகிற ஆஸ்பத்திரியிலும் என்னைப் போல ஒருத்தி படிவத்தோடு உட்கார்ந்திருப்பாள், எத்தனையாவது கேள்வியாகவோ இதையும் கேட்பாள். உண்மையைச் சொல். இல்லை என்று எழுத எனக்கு ஒரு நொடி ஆனது, அதை அடித்துத் திருத்தப் பதினேழு வருடம் ஆனது, அதுவரை அந்தப் பொய்யை என் பிள்ளை சுமந்தான்.

இப்படிக்கு,
ஆறாவது கேள்விக்கு ஆம் என்று எழுதிய
உன் அம்மா