எட்டு டஜன் மண் பித்தான்

கொடைக்கானல்
9.6.1957

அன்புள்ள ராக்கு,

நீ வேலையில் கள்ளம் செய்துவிட்டாய். கோபப்படாமல் முழுதும் படி. நீ அனுப்பிய எட்டு டஜன் மண் பித்தானையும் குழந்தை ஸ்வெட்டர்களில் நானே தைத்தேன். ஒரு தடவை அலசிக் காயப்போட்டதும் எல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டன. துடைத்தால் மறுபடி பூக்கிறது. இரண்டு, துளையோரம் உதிர்ந்தே போயின. நான் வேலை பார்க்கும் பின்னல்கூடத்துச் சிஸ்டர், உன் சிநேகிதி அவசரக்காரியோ என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது.

தை மாசம் நான் கையோடு கொண்டுவந்தவை இன்றைக்கும் செக்கச்செவேலென்று இருக்கின்றன. இப்போது மட்டும் என்ன? சரியாக வேகவிடவில்லையா? அடுத்ததும் இப்படி வந்தால் சிஸ்டர் பம்பாய்ப் பித்தான் வாங்கிவிடுவார். அப்புறம் உனக்குப் பழைய மிளகாய்க் காட்டுக் கூலிதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் எனக்குக் கை விறைக்கிறது. சண்டை போட நீ இல்லாமல் வாயும் விறைத்துக் கிடக்கிறது.

உன்
ஜோதிமேரி


காரையேந்தல்
(திருவாடானை வழி)
17.6.1957

அன்புள்ள ஜோதிக்கு,

கள்ளம் என்று எழுதின கையை ஒடிக்கணும். ஏற்கெனவே விறைத்துப்போச்சாமே, அதனால் விட்டுவைக்கிறேன்.

மண் அதே கண்மாய் மண். மூன்று தடவை துணியில் சலித்தேன். உருட்டித் தட்டி, ஈர்க்குச்சியால் துளை போட்டு, ஆறு நாள் நிழலில் உலர்த்தி, உமிக்குள் வைத்துத்தான் சுட்டேன். தண்ணீர்தான் வேறு. நீ இருந்தவரை ஊருணியில் ஒரு குடம் மொண்டுவந்து என் பானையில் ஊற்றுவாய். இப்போது யார் ஊற்றுவார்? எங்கள் தெருவுக்குச் சவர்க் கிணறுதான். அதில் பிசைந்த மண் உப்புப் பூக்காமல் மல்லிகையா பூக்கும்?

போன வாரம் நானே குடத்தோடு ஊருணிக்குப் போனேன். உன் அய்யா மறித்தார். பித்தானுக்கு ஒரு குடம் போதும் என்றேன். நீ இறங்கினால் அப்புறம் ஊர் எதைக் குடிக்கும் என்றார். தீண்டாமை கூடாதென்று சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆச்சு என்றேன். "அப்ப சட்டம் போட்டவன்கிட்டப் போயி மொண்டுக்கத்தா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசையில் முழங்கால் போடுகிற மனுஷர்.

நீ அவருக்கு எழுது. ராக்கு ஊருணியில் இறங்கித் தண்ணீர் மொள்ளட்டும் என்று எழுது. ஒத்தை மகள் சொன்னால் கேட்பார்.

உன்
ராக்கு


கொடைக்கானல்
30.6.1957

என் ராக்குவுக்கு,

திட்டினதற்கு மன்னித்துக்கொள். தண்ணீராக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். சிஸ்டரிடம் கெஞ்சி ஆகஸ்டு கடைசிவரை தவணை வாங்கியிருக்கிறேன். மழை பெய்தால் பிடித்து வைத்துப் பிசையேன்.

உனக்கு ஒரு மப்ளர் பின்னி அனுப்பியிருக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு அது பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் என் கண்ணுக்காக ஒருநாள் போட்டுக்கொள்.

அய்யாவுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா எழுதியிருக்கிறாள். பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

முத்தங்களுடன்
ஜோதி


காரையேந்தல்
11.7.1957

அன்புள்ள ஜோதிக்கு,

மப்ளரைச் சுற்றிக்கொண்டு உச்சிவெயிலில் தெருவெல்லாம் நடந்தேன். உலகம்மாள் சித்தி, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மெத்தென்று இருக்கிறது. கழற்ற மனசில்லை.

ஆனியிலும் ஆடியிலும் இங்கன ஏது மழை? குளிரில் உனக்கு மறந்துவிட்டது. உன் அய்யா சுகமாகத்தான் இருக்கிறார். நேற்றும் கம்போடு ஊருணிக் கரையில் நின்றார். நீ கேட்டதாகச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நீ மொண்டு ஊற்றினதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் எனக்கும் காலும் கையும் இருக்கின்றன, ஜோதி. அவருக்கு எழுதுவாயா, மாட்டாயா?

உன்
ராக்கு


காரையேந்தல்
19.8.1957

அன்புள்ள ஜோதிக்கு,

போன கடிதத்துக்கும் பதில் இல்லை. தபால்காரரிடம் தினமும் கேட்கிறேன்.

மண்ணைச் சலித்துக் கூடையில் வைத்திருக்கிறேன். சவர்த் தண்ணீர் ஒரு சொட்டும் அதில் விடமாட்டேன். உலர ஆறு நாள் வேண்டும். தவணைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. இன்றைக்கே உன் அய்யாவுக்கு எழுது. எழுதிவிட்டேன் என்று எனக்கும் ஒரு வரி போடு.

ராக்கு