பரோட்டாக் கடைக்கு மேலே

செப். 7, ஞாயிறு
காலையில் தூறல், பிறகு வெயில், பிறகு புழுக்கம். செங்கல்பட்டு வானத்துக்கும் ஒரு முடிவுக்கு வரத் தெரியாது. எங்கள் குவேக்கர் சபையைப் போல.

மாலை ஐந்து மணிக் கூட்டம். எட்டுப் பேர். போதகர் இல்லை, பாட்டு இல்லை, ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆராதனை. மாடியில் நாங்கள். கீழே பாய் கடையில் கொத்துப் பரோட்டா. டக்கு டக்கு டக்கு. போதாததற்கு பஸ் ஹாரன், மண்டபத்து ஸ்பீக்கர். இந்த ஊரில் வாயை மூடிக்கொண்டிருப்பது நாங்கள் எட்டுப் பேர்தான்.

முடிந்ததும் கல்பனா ஒரு யோசனை சொன்னாள். மாமல்லபுரம் பக்கம், கடலோரமாக அவள் அண்ணன் வீடு சும்மா கிடக்கிறதாம். கூட்டத்தை அங்கே மாற்றிவிடலாமாம். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும். ஏன் ஆட்டினேன்?

10, புதன்
வாங்க: துவரம்பருப்பு, சோப்பு, முழங்கால் தைலம்.

இந்த முழங்காலோடு மாமல்லபுரத்துக்கு பஸ்ஸில் போய் வர என்னால் ஆகாது. அங்கே மாறினால் எனக்குச் சபை இல்லை. என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து ஊரே ஆறுதல் சொல்லிச் சொல்லி உயிரை எடுக்கிறது. அந்த மாடி அறையில்தான் யாரும் எதுவும் கேட்பதில்லை. அது எனக்கு வேண்டும்.

எங்களிடம் ஓட்டெடுப்பு கிடையாது. ஒரே ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் முடிவெடுக்க மாட்டோம். அந்த ஒருவராக இருக்கத்தான் ஆள் இல்லை. காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் நன்றி சொல்லிக் குடிக்கிற கூட்டம். நானும் அதே லட்சணம்.

12, வெள்ளி
ஏரிக்கரையில் நடை. நல்ல காற்று. 'குப்பை கொட்டாதீர்' பலகைக்கு அடியிலேயே குப்பை.

திரும்பும்போது பாய் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, என் கடை சத்தத்துக்காவா வேற வூட்டுக்குப் போறீங்க?" மழுப்பினேன். விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானும் வந்து உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். வாருங்கள் என்றேன்.

14, ஞாயிறு
சிரித்து வயிறு வலிக்கிறது.

இன்று முடிவெடுக்கும் நாள். மௌனம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட இருக்காது, பாய் வந்தார். சலவைச் சட்டை, அத்தர். கதவோரம் கூட்டத்தை நடத்தும் எங்கள் எழுத்தர், தேவராஜ் அண்ணன். உட்காரும் முன் மரியாதைக்கு அவரிடம் கை நீட்டினார் பாய். அண்ணனும் அரைக்கண்ணில் குலுக்கிவிட்டார்.

எழுத்தர் கைகுலுக்கினால் கூட்டம் முடிந்தது என்பது எங்கள் வழக்கம். ஆகவே எல்லோரும் குலுக்கினோம். தப்பு நடந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கல்பனா அறிவிப்பு வாசிக்கவே தொடங்கிவிட்டாள்.

"அவ்ளோதானா?" என்றார் பாய். "இதுக்கா கடைய மூடிகினு வந்தேன்?"

அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு கூரையே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு எங்கிருந்தோ தைரியம். "எனக்கு மனசு ஒப்பல. அவ்ளோ தூரம் என்னால வர முடியாது. எனக்கு இந்த ரூம்தான் வேணும்."

சொல்லிவிட்டேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தேவராஜ் அண்ணனுக்குக் கடல் காற்று ஆகாதாம். இன்னொருவருக்கு பஸ் ஏறினாலே வாந்தியாம். கல்பனாவே, யாரும் வேண்டாம் என்று சொல்லாததால்தான் சாவி வரைக்கும் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். தலையாட்டிகள்!

பாய் கோவளத்துக்காரர். "கடலாண்ட அமைதியா? ராவும் பகலும் அலை அடிச்சிகினே கீது. நான் ஞாயித்துக்கிழம ஆறு மணிக்கு மேல கொத்திக்கிறேன், நீங்க இங்கியே குந்துங்க."

இங்கேயே என்று முடிவானது. மறுபடி உட்கார்ந்தோம், பாயும்தான். கண்ணை மூடினால் சிரிப்பு வந்தது. சந்தோஷமாக இருந்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு இப்படி இருந்ததில்லை.

21, ஞாயிறு
மழை. முழங்கால் வலி. ஆனாலும் போனேன். கீழே சத்தமே இல்லை. எல்லோருடைய காதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஆறு மணி. டக்கு. உடனே அண்ணன் கை நீட்டினார்.

எட்டுப் பேருக்கும் முட்டைப் பரோட்டா. பார்சல் இல்லை, அங்கேயே.