கதவைத் தட்டக் கை வரலே

விம்பர்லி, டெக்சஸ்
மார்ச் 4, 2019

அன்புள்ள வெர்லீன்,

நீயும் உன் வீட்டுக்காரர் ஹாய்ட்டும் சுகம்தானே? நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன், முழங்காலைத் தவிர.

கொட்டகையைச் சுத்தம் செய்தபோது 1974-ல் நம் பாட்டுக் குழு பதிவு செய்த ஒன்பது ஒலிநாடாக்கள் கிடைத்தன. ஒன்றுகூட வெளிவராத பாட்டுகள். பழைய நாடா பிசுபிசுத்துப் போகும், சூடாக்கினால்தான் ஓடும். என் வீட்டுக்காரி டோனா மான்கறி உலர்த்த வைத்திருக்கும் மின்சாரப் பெட்டியில் அவற்றை எட்டு மணி நேரம் வைத்தேன். "என் பெட்டியிலே என்னத்தைடா வேக வைக்கிறே?" என்று நாள் முழுக்கத் திட்டினாள். மூன்றைக் கேட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் உன் குரல். அடடா, என்ன குரல்!

ஒரு சின்னக் கம்பெனி இவற்றைத் தொகுத்து வெளியிடக் கேட்கிறது. உன் சம்மதம் இல்லாமல் செய்யமாட்டேன். என்ன சொல்கிறாய்?

உன் பழைய கூட்டாளி,
டெல்மர்

பிளெய்ன்வியூ
மார்ச் 15

அன்புள்ள டெல்மர்,

எழுபத்து மூன்று வயதில் சம்மதம் கேட்கக் கற்றுக்கொண்டாயே, பரவாயில்லை. இங்கே காற்றும் புழுதியும்தான், மழை இல்லை. தீவனக் கடையை மகள் பார்த்துக்கொள்கிறாள்; நான் குறை சொல்லும் வேலையைப் பார்க்கிறேன்.

சம்மதம்தான். ஆனால் முதலில் ஆறாவது நாடாவை முழுக்கக் கேள். பாட்டு முடிந்ததும் அணைத்துவிடாதே. பாட்டுக்குப் பாட்டு நாடாவை நிறுத்தும் வழக்கம் நமக்கு ஏது? கேட்டுவிட்டு எழுது.

வெர்லீன்

விம்பர்லி
மார்ச் 24

வெர்லீன்,

கேட்டேன். மூன்று தரம் கேட்டேன்.

நாடாவில், ஒரு பாட்டை முதல் தடவை நான் பாடி முடித்ததும் நீ சொல்கிறாய்: "டேய், அந்த வரி நொண்டுது. 'வீட்டுக்கு வழி தெரியும், கதவைத் தட்டக் கை வரலே'ன்னு பாடிப் பாரு." அதற்கு நான்: "உன்னைப் பாடத்தான் கூப்பிட்டேன், எழுத இல்லே." யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த தடவை, ஒரு வார்த்தை பேசாமல், நீ சொன்னபடியே பாடுகிறேன்.

வெளிவராத பாட்டிலிருந்து நல்ல வரியைப் பிடுங்கிப் புதுப் பாட்டில் நடுவது நம் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். 81-ல் அந்த வரியை எடுத்துத்தான் என் பெரிய பாட்டைக் கட்டினேன். லாரி ஓட்டும்போது தோன்றியது என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். நம்பியது குற்றத்தைக் குறைக்காது. வெட்கமாக இருக்கிறது.

வரி பிறந்தபோது அறையில் இருந்தவர் பெயரும் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் வரவேண்டும் என்பது நம் வழக்கம். நீ அறையில் இருந்தது மட்டுமா! அந்தப் பழைய பாட்டு, 81 பாட்டு இரண்டிலும் உன் பெயரைச் சேர்க்கக் காகிதம் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடு.

நாடாவில் இருக்கும் அந்தப் பேச்சை மட்டும் வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். என் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.

டெல்மர்

பிளெய்ன்வியூ
ஏப்ரல் 2

அன்புள்ள டெல்மர்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன துறவியா? உன்மேல் கோபம் இருந்தது, ஒரு பத்து வருஷம். பிறகு பிள்ளைகள், கடை, வறட்சி என்று அதற்கு நேரம் கிடைக்கவில்லை. நல்லபடியாகத்தான் வாழ்ந்தேன், டெல்.

ஆனால் அந்தப் பேச்சை வெட்டாதே. பேரப்பிள்ளைகள் கேட்டால் கேட்கட்டும். தாத்தாவும் ஒரு காலத்தில் மடையன் என்று தெரிவது அவர்களுக்கு நல்லதுதான்.

உன் பாட்டு ரேடியோவில் வந்த முதல் நாள், கடையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஹாய்ட்டிடம், "அது என் வரி" என்றேன். "ஆமா, பைபிளும் நீதான் எழுதினே" என்று சிரித்தான். நல்ல மனுஷன்தான், கேலிக்குச் சொன்னது. ஆனாலும் அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவனுக்குக் காது மந்தம். அந்த இடத்தைக் கொஞ்சம் உரக்கவே வை.

அன்புடன்,
வெர்லீன்