மச்சான் போட்ட அட்டி

மச்சான்,

நேற்று பேத்தி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். பக்கவாட்டில் ஏதோ அச்சடித்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். ‘மிதிக்காதீர்.’ எழுதப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்த பிறகு நானே படித்த முதல் பெட்டி. படித்ததும் உங்கள் ஞாபகம் வந்து விழுந்து விழுந்து சிரித்தேன். உங்களை ஏசி ஒரு கடிதம் எழுதுவது என்று அப்போதே முடிவு செய்தேன். வாயால் ஏசினால் காதில் வாங்க மாட்டீர்கள் என்பது, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே தெரிந்ததுதான்.

நீங்கள் ஒரு வீம்புக்காரர், மச்சான். இந்த வரியை எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. அவ்வளவும் சுகம்.

விருதுநகர் மிளகாய் வத்தல் கிட்டங்கியில், அந்தச் சரக்குக் கொட்டகையில், மூட்டைகளை அடுக்கி அட்டி போடுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. ஒத்துக்கொள்கிறேன். கீழ் வரிசை நீளவாக்கில், மேல் வரிசை குறுக்குவாக்கில், செங்கல் போல ஒன்றை ஒன்று கவ்வி நிற்கும். உச்சியில் ஏறி நின்று வெற்றிலை போடுவீர்கள். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஆட்களுக்குத் தலைவராகக் கூப்பிட்டார்கள். அக்காவைக் கட்டிய உரிமையில் என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள்.

அதுவரை புஸ்வாணமெல்லாம் மரப்பெட்டியில்தான் போகும். அந்த வருடத் தீபாவளி சீசனுக்கு முதன்முதலாக அட்டைப்பெட்டி வந்தது. கணக்கப்பிள்ளை கறாராகச் சொன்னார்: “பம்பாய் ஆர்டர். பெட்டி நசுங்குச்சுன்னா தலைவர் வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுவோம்.”

நீங்கள் ஒன்றைக் கிழித்துப் பார்த்தீர்கள். இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக வளைந்த இன்னொரு தாள்.

“ஏலே மாப்ளே, இது பெட்டியாலே? அப்பளத்தை ஒட்டி வச்சிருக்கான். உள்ள பூரா காத்து!”

“மரப்பெட்டி மாதிரி இல்ல மச்சான். பாத்து வைங்க.”

“அட்டி போடுறதை எனக்குச் சொல்லித் தாரியாலே? வத்தல் நெடிக்கே தும்முன பய நீ.”

வத்தல் மூட்டை போலவே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினீர்கள். உச்சியில் ஏறிக் குதித்தும் காட்டினீர்கள். என்ன அறிவு! மறுநாள் காலை கதவைத் திறந்தால் அட்டி சாய்ந்து கிடக்கிறது. அடிவரிசைப் பெட்டிகளுக்கெல்லாம் தொந்தி. “மழை ஈரம்” என்றீர்கள். மழையே பெய்யவில்லை. “அப்ப எலி” என்றீர்கள். பெட்டி கட்டும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நசுங்கியிருந்ததெல்லாம் பக்கங்களின் நடுப்பகுதி. மூலைகள் விறைப்பாகத்தான் நின்றன. அந்த அலைகள் மேலிருந்து கீழாக, நட்டுவைத்த சின்னக் குழல்கள் போல நிற்கின்றன. அட்டை மடியும் மூலையில்தான் பலம் அதிகம். மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் மூலைமேல் உட்கார வேண்டும். நீங்கள் அதை வயிற்றின்மேல் உட்கார வைத்திருந்தீர்கள். மூட்டைக்கு ஏது மூலை? மூட்டையையே பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

“மூலைமேல மூலையா வச்சா நிக்கும் மச்சான்” என்று நான் சொன்னது கணக்கப்பிள்ளை காதில் விழுந்தது. அன்றைக்கே தலைவர் வேலை உங்களிடமிருந்து என்னிடம் வந்தது. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் யோசித்தேன். நீங்கள் கோபித்துக்கொண்டு விருதுநகருக்கே போயிருக்கலாம். போகவில்லை. துண்டை உதறித் தலையில் கட்டி, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “தலைவரே, இந்த அப்பளத்தை எங்கன வைக்கட்டும்?” என்றீர்கள்.

அன்றோடு ‘மாப்ளே’ போயிற்று. வீட்டிலும், “ஏளா, தலைவருக்கு ரசம் ஊத்து” என்று அக்காவிடம் சொல்வீர்கள். ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும். அக்கா செத்த அன்று சுடுகாட்டு வாசலில் பாடையின் ஒரு முனையைப் பிடித்திருந்த நீங்கள் திரும்பி, “தலைவரே, எங்கன இறக்கட்டும்?” என்றீர்கள். ஏளனம் துளியும் இல்லை. தெரியாமல்தான் கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை.

இப்போது டீக்கடைக்காரர்கூட வருகிறவர் போகிறவரையெல்லாம் ‘தலைவரே’ என்கிறார். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே நீங்கள் இல்லை. இல்லாததற்கும் சேர்த்து உங்களை ஏசிவிட்டுத்தான் டீயைக் குடிக்கிறேன்.